எப்பிடி ஊசி

கொண்டுபோன கறிச்சட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வருகிற வழக்கம் கல்முனைக்குடியில் எவருக்கும் இல்லை. சண்டை பிடித்தாலும் சட்டியை வைத்துவிட்டுத்தான் பிடிப்பார்கள். மறுநாள் வெறும் சட்டியைக் கேட்டு ஆள் அனுப்பி, அந்தச் சாட்டில் இன்னொரு சண்டையும் பிடிக்கலாம். சுஹறா அப்படிச் செய்யவில்லை. கொழும்பில் பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழித்து ஊருக்கு வந்த தம்பி பெண்சாதிக்கென்று மருந்துச் சரக்கு அரைத்துக் காய்ச்சிய கறியை, மூடி திறக்காமல், சூடு ஆறாமல், அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவால் வீட்டுக்கு நடந்தாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவளும் மெதுவாக நடந்தாள்.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளை வாய்க்காரி என்று மட்டும் சொல்வது ஊர் வேலை. நாம் அதைச் செய்ய வேண்டாம்.

சுஹறா காலிதீனைக் கலியாணம் முடித்து எட்டு வருடம். சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்த வீட்டில் இரண்டு பேர்தான் கட்டிலுக்கடியில் படுத்தார்கள். தகரம் போட்டு வீடு எழும்பின பிறகும் இரண்டு பேர்தான். காலிதீனுக்கு ஒரு ட்ரெக்டர் இருந்தது. சம்மாந்துறை வயல்களில் உழவுக்கும் சூடு மிதிக்கவும் ஓட்டுவான். நல்ல மனிதன். உம்மா சொல்லைத் தட்டாதவன். இந்த இரண்டும் ஒருவனிடமே இருந்தால் பெண்சாதிக்கு அவனால் பாதிப் பிரயோசனம்தான். அவனுடைய உம்மா சல்மா உம்மா, பொத்துவிலில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ‘வெள்ளாமை வெட்டு முடியட்டும், அதுக்குள்ள ஒண்டும் இல்லாட்டி ரெண்டாவதா முடிச்சு வெப்பம்’ என்பது அவளுடைய பேச்சு. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து ஏறுவான். வந்து ஏறினவன் இறங்கி இன்னொருத்தி வீட்டுக்கும் போகலாம் என்பதுதான் அதிலுள்ள கோளாறு.

மருந்து, வைத்தியம், நேர்ச்சை எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

ஊர்ப் பெண்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. தலைப்பிள்ளை நோவில் கிடக்கிறவள் கேட்கிற துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை இல்லை, கேட்டது தப்பாது. இது கிதாபில் உண்டா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் போய் யாரும் விசாரித்ததில்லை. அவரென்ன நொந்து பெற்றவரா? ஒருத்தி தலைப்பிள்ளை சுமந்து மாதம் ஏறிவிட்டால், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு தின்பண்டத்தோடு வந்து அவள் காதுக்குள் குசுகுசுத்துவிட்டுப் போவார்கள். மகனுக்குச் சவூதி விசா, மகளுக்கு மாப்பிள்ளை, புருசனுக்கு இருமல் நிற்க. அவள் எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டு, நோவு வந்ததும் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தம்பி மீராசாவின் பெண்சாதி நபீலா தலைப்பிள்ளை சுமந்தபோது சுஹறா ஓடின ஓட்டத்தை ஊரே பார்த்தது. நபீலாவுக்கு வாய் கசந்தால் சுறா வறை. வாய் இனித்தால் பாலாணம். கால் வீங்கினால் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பு. பெற்ற தாய்கூட அவ்வளவு செய்யமாட்டாள். ஒரு நாள் நபீலாவின் கையை எடுத்து அவள் வயிற்றிலேயே வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

“மூணு தரம் என்ட பேரச் சொல்லணும். சுஹறாக்கு ஒரு புள்ள, சுஹறாக்கு ஒரு புள்ள எண்டு. மறந்திராத.”

“மறப்பனா மதினி? முதல் பேரே உங்கட பேர்தான்,” என்றாள் நபீலா.

மீராசாவுக்குக் கொழும்பில் புடவைக் கடை வேலை. இரண்டு கிழமைக்கென்று பெண்சாதியை அங்கே கூட்டிக்கொண்டு போனான். போன இடத்தில் அவளுக்குக் கால் வீங்கி, இரத்தப் பிறசரும் ஏறிவிட்டது. இனிப் பயணம் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். பிள்ளை அங்கேயே, ஒரு தனியார் ஆசுப்பத்திரியில் பிறந்தது. ஆண் பிள்ளை. தந்தி வந்த அன்று மீராசாவைவிடச் சுஹறாதான் அதிகம் சந்தோசப்பட்டாள். தன் வேலையும் அன்றே முடிந்துவிட்டது என்று நம்பினாள். அந்த மாதம் தொழுகைக்குத் தடை வந்தபோதும் அழவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருந்தாள்.

அதன் பிறகுதான் நபீலா பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். சுஹறா சரக்குக்கறிச் சட்டியோடு போய் வாசற்படியில் கால் வைக்கும்போது, உள்ளே பாய் விரித்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் நபீலா, மடியில் பிள்ளை. பேச்சு உச்சத்தில் இருந்தது.

“கொஞ்சமும் நோகல்ல,” என்றாள் நபீலா.

“நோகல்லயா? என்னகா கத இது?”

“றப்பு மேல ஆணை. நாரியில ஒரு ஊசி. சுருண்டு படுக்கச் சொல்லி, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தால மெல்லிய குழாய் ஒண்ட வெச்சி மருந்து உட்டாங்க. மறுகா இடுப்புக்குக் கீழ எல்லாம் வேற ஆர்டயோ மாதிரி. வயிறு இறுகுறது தெரியுது, நோவு மட்டும் இல்ல. லண்டன்ல படிச்ச டொக்டர். வாசிக்கிறதுக்குப் புத்தகம் வேணுமா எண்டு கேட்டாரு.”

“பேரென்ன அந்த ஊசிக்கு?”

“எபிடியூரல்.”

“எப்பிடி?”

“ஓம். எபிடியூரல்.”

“எப்பிடி ஊறலா?”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளை முழித்து அழுதது. அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் அந்த மருந்துக்கு ஊரில் பேர் வைத்தாயிற்று: எப்பிடி ஊசி.

வாசற்படியில் நின்ற சுஹறா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப உனக்கு நோகவே இல்லயா?”

அப்போதுதான் நபீலா அவளைக் கண்டாள். முகம் மாறியது. “வாங்க மதினி. ஊசிக்கு முதல் நொந்ததுதான்…”

“அத உடு. புள்ள வரக்குள்ள நொந்ததா?”

“இல்ல.”

“என்ட துஆ?”

“கேட்டன் மதினி. அல்லாட்ட ஆணையாக் கேட்டன்.”

“எப்ப?”

நபீலா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த தொப்பியைத்தான். “ஊசி போட்ட பொறகு,” என்றாள்.

“நோகாமக் கேக்கிறதுக்கு நீ என்னத்துக்குகா எனக்கு?” சுஹறாவின் குரல் தெருவாசல் கடப்பு வரைக்கும் கேட்டது. “அத நான் எட்டு வருசமாத் தொழுகப் பாயிலயிருந்து கேக்கிறனே! உன்ட நோவுக்குத்தானே உன்ட கால நான் தேய்ச்சது? அந்த நோவ ஒரு வெள்ளைக்கோட்டுக்காரன்ட கையில குடுத்துட்டு, கால நீட்டிப் படுத்துக் கேட்டியாக்கும்?”

நபீலா ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. வாத்தியார் மகள். ஊரார் முன்னால் தலை குனிய வைத்தது அவளுக்குச் சுட்டது.

“மதினி, நான் உள்ளதச் சொல்லுறன். விடியல்ல இருந்து நொந்தது. கட்டில் கம்பியக் கடிச்சன். அந்த நோவுக்குள்ள உங்கட பேர் வரல்ல. என்ட உம்மாட பேரும் வரல்ல. எல்லாரும் செத்துத் துலையட்டும் எண்டுதான் வந்தது. ஊசி ஏறி நோவு அடங்கின பொறகுதான் மனிசர்ட முகம் ஞாபகம் வந்தது. முதல்ல வந்தது உங்கட முகம். அழுது அழுது கேட்டன்.”

“பொய்!” என்றாள் சுஹறா. “நோவில பேர் மறக்குமா? இஞ்ச இரிக்கிற எல்லாரும் பெத்தவங்கதானே, சொல்லுங்க. மறக்குமா?”

பெற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டாள். இன்னொருத்திக்குத் திடீரென்று வீட்டில் அடுப்பு எரிகிற ஞாபகம் வந்தது. அந்த மௌனத்தைச் சுஹறா தனக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

“பாத்தியா? உனக்கு மட்டும்தான் மறந்த. நோகாதவள்! நோகாமப் பெத்த உனக்கு அடுத்தவள்ட நோவு எங்க தெரியப் போகுது?”

நபீலா எழுந்து நின்றாள். அடுத்து வந்த பேச்சை அவள் யோசித்துப் பேசவில்லை. ஆனால் பேசிவிட்டாள்.

“அப்ப நீங்க பெத்து, நீங்க நொந்து, நீங்களே கேளுங்க!”

பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக்கூடாத பேச்சு அது. சொன்னவளுக்கும் அது தெரிந்தது, ஆனால் விழுந்த சொல்லை அள்ள முடியுமா? சுஹறா சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அந்தக் கறியைக் காலிதீன்தான் தின்றான். “நல்ல ருசி. ஆருக்குக் காய்ச்சின?” என்று கேட்டான்.

“உங்கட பொத்துவில் பொண்டாட்டிக்கு,” என்றாள் சுஹறா. அவன் அதற்குப் பிறகு தலை நிமிராமல் தின்று முடித்தான்.

அன்று அடுக்களையில் அவள் தன் உம்மாவிடம் போய் நின்றாள். ஆயிஷா உம்மா இந்த வருடம்தான் மகளோடு வந்து இருந்தாள். சுஹறா, மீராசா உட்பட ஏழு பெற்றவள். “உம்மா, ஏழு பெத்தீங்களே. நோவு நேரத்தில பேர் மறந்து போகுமா?” என்று கேட்டாள்.

“பால் பொங்குது, அதப் பாரு முதல்ல,” என்றாள் ஆயிஷா உம்மா.

பால் பொங்கவில்லை. அடுப்பில் ஏற்றியே கொஞ்ச நேரம்தான். சுஹறா இருந்த கொதிப்பில் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது யுத்தம். கிணற்றடி, மீன் சந்தை, கல்யாண வீடு என்று சுஹறா போன இடமெல்லாம் ‘நோகாதவள்’ என்ற பேர் அவளோடு போனது. பிள்ளைக்கு வாப்பா ஆசையோடு ஒரு பேர் வைத்திருந்தான். ஊர் அதை ‘ஊசிப்புள்ள’ என்றது. நபீலாவும் விடவில்லை. சுஹறா தெருவால் போகக் கண்டால் பிள்ளையைக் கடப்படிக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். “அந்தா போறா உங்கட மாமி. உங்களப் பாக்கமாட்டா. கண் நொந்து போயிடும்,” என்று பிள்ளையிடம் பாட்டுப் பாடுகிற மாதிரிச் சொல்வாள். கொழும்பு வேலையை விட்டு ஊரில் கடை போட்டிருந்த மீராசா, ராத்தா வீட்டுக்குப் பின்வாசலால் வந்து போனான். அக்காவுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் அகப்பட்டவனுக்கு முன்வாசல் ஏது?

சல்மா உம்மாவுக்கு இந்தச் சண்டை நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. “துஆவும் பழுதாப் போய்த்து. இனி எதப் பாத்துக் காத்திரிக்கிற?” என்று பொத்துவிலுக்கு ஆள் அனுப்பினாள். வயல்கள் மஞ்சளித்துவிட்டன. சுஹறா கதிரைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்தது. அந்த நெஞ்சடிப்பு முழுவதற்கும் அவள் நபீலாவின் பேரைத்தான் எழுதினாள். நோவை மட்டும் அவள் விற்றிருக்காவிட்டால்!

வெட்டுத் தொடங்கின கிழமை, காலிதீன் ட்ரெக்டரை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். டீசல் மணம் மூக்கில் ஏறியதும் சுஹறா ஓடிப்போய் வாழையடியில் வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். ஆயிஷா உம்மா மகளின் கண்ணை இழுத்துப் பார்த்தாள், நாளைக் கேட்டாள், பிறகு முற்றத்தில் குந்தி அழுதாள். பொத்துவிலுக்குப் போன ஆள் திரும்பி வந்தான். காலிதீன் ட்ரெக்டரைத் தெருவிலேயே நிறுத்தப் பழகினான்.

“என்ட துஆதான்,” என்று நபீலா எங்கேயோ சொன்னாளாம். அது சொன்ன நேரத்திலேயே சுஹறாவின் காதுக்கு வந்தது.

“அவட துஆவாம்! அவட துஆ எண்டா எனக்கும் நோகாமப் பொறக்கணும். பாப்பம்,” என்றாள் சுஹறா. “நான் அவளப்போல இல்ல. நொந்துதான் பெறுவன். நோவுக்குள்ள ஒருத்தர்ட பேரும் உடாமச் சொல்லுவன். அப்பதான் தெரியும், ஆர் சொன்ன பொய் எண்டு.”

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை, பந்தயம். ஊரும் அப்படித்தான் எடுத்தது. முப்பது தாண்டினவளின் தலைப்பிள்ளை. நோவு பெரிதாக இருக்கும். நோவு பெரிது என்றால் துஆவும் பெரிது என்பது பெண்களின் கணக்கு. மாதம் ஏற ஏற சுஹறாவின் வீட்டில் தின்பண்டம் குவிந்தது. ‘நோகாதவள்’ வீட்டில் அன்று மௌனமாக இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். சல்மா உம்மாவே வட்டிலப்பத்தோடு வந்து, முழங்கால் வருத்தத்தைச் சொல்லி அழுதாள். சுஹறா வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே, “கேக்கிறன் மாமி,” என்றாள். அதைவிட இனிப்பான வட்டிலப்பத்தை அவள் அதுவரைக்கும் தின்றதில்லை. எல்லாப் பேரையும் யாசீன் சூராவைப் பாடமாக்கின மாதிரிப் பாடமாக்கி வைத்தாள்.

நபீலா மட்டும் வரவில்லை. அவளும் இரண்டாவதைச் சுமக்கிறாள் என்று கேள்வி. சுஹறா, “இதுக்கும் ஊசிக்குப் போவாளாக்கும்,” என்றாள்.

மாரி மழை தொடங்கின ஒரு காலையில், அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது சுஹறாவுக்கு முதல் நோவு வந்தது. அவள் சிரித்தாள். இரண்டாவதுக்கும் சிரித்தாள். வாடகைக் காரில் ஆசுப்பத்திரிக்குப் போகும்போது மனதுக்குள் பேர்களை ஒரு தரம் ஓதிப் பார்த்தாள். எல்லாம் வரிசையாக நின்றன.

உள்ளே வெறும் கட்டில், றப்பர் விரிப்பு, மழை அடிக்கிற கண்ணாடி. பிரசவம் பார்க்கிற தாதி, காரைதீவைச் சேர்ந்த தங்கேஸ்வரி மிஸ்ஸி, கையுறை போட்டுக்கொண்டு நின்றாள். நோவு நெருங்கி நெருங்கி வந்தது. சரி, இதுதான் நேரம் என்று சுஹறா கைகளை ஏந்தினாள். ‘யா அல்லாஹ், சல்மா மாமிட முழங்கால்’ என்று தொடங்கினாள். தொடங்கியதும் இடுப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒன்று வந்தது. அது போனபோது முழங்கால் மட்டும் நின்றது; யாருடைய முழங்கால் என்று தெரியவில்லை. விசா யாருக்கு? இருமல் யாருக்கு? அடுத்தது வந்தபோது முழங்காலும் இல்லை. ஏந்தின கைகள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தன. உம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாள், வரவில்லை. காலிதீனின் பேர் வந்தது. அதோடு வந்த வார்த்தையைச் சொல்லாமல் பல்லைக் கடித்து விழுங்கினாள். எல்லாரும் செத்துத் துலையட்டும்! அந்த வசனம் அவளுடைய வாயில் அப்படியே, சொல்லுக்குச் சொல், வந்து நின்றது. எங்கோ கேட்ட வசனம். எங்கே கேட்டது என்று ஞாபகம் வந்ததும் அவள் பெருங்குரலெடுத்துக் கத்தினாள்.

“நபீலா!”

“ஆர் தங்கச்சி நபீலா? தாயா?” என்றாள் தங்கேஸ்வரி மிஸ்ஸி.

“நபீலாட ஊசி… நபீலாக்குப் போட்ட ஊசி… அதக் கொண்டாங்க!”

“என்ன ஊசி?”

“எப்பிடி ஊசி!”

“எப்பிடி ஊசியெண்டா, எப்பிடிப்பட்ட ஊசி?”

“நாரியில… கொழும்பில… உம்மா! நபீலா! நபீலா!”

மிஸ்ஸிக்கு விளங்கியது. அவள் சுஹறாவின் நாரியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். “அது இஞ்ச இல்ல தங்கச்சி. இஞ்ச நானும் இந்த ரெண்டு கையும்தான். ஆர்ட பேரையெண்டாலும் சொல்லு. மூச்ச மட்டும் விட்டிராத.”

பகல் முழுவதும் அந்த அறையில் ஒரே பேர்தான் கேட்டது. வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. மழையையும் தாண்டிக் கேட்டது. கடைசியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. தாயைப் போலவே பெருந்தொண்டை. வீட்டுக்கு உரியவள் வந்துவிட்டாள் என்று ஆயிஷா உம்மா நெற்றியில் முத்தமிட்டாள்.

மறுநாள் பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் பெண்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்த்தது பாதி, கேட்க வந்தது பாதி. சல்மா உம்மாதான் முதல்.

“என்ட முழங்கால்?”

“கேட்டன் மாமி,” என்றாள் சுஹறா.

சல்மா உம்மா நின்ற இடத்திலேயே காலை மடக்கி நீட்டினாள். “இப்பவே கொஞ்சம் லேசாத்தான் இரிக்கு மனே.”

விசாக்காரி கேட்டாள். “கேட்டன்.” இருமல்காரி கேட்டாள். “ஓம், கேட்டன்.” ஒவ்வொருத்தியும் முகம் மலர்ந்து போனாள். ஆயிஷா உம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு பிள்ளைத் துணியை மடித்தாள். அன்று பொங்காத பால் ஏன் பொங்கியது என்று சுஹறாவுக்கு இப்போது விளங்கியது. நபீலாவின் வீட்டில் பாயைப் பிய்த்தவளும் முக்காட்டை இழுத்தவளும் ஏன் பேசவில்லை என்றும் விளங்கியது. இத்தனை பேரும் அவரவர் பிள்ளை பெற்ற மறுநாள், இதே மாதிரிக் கட்டிலில் கிடந்து, இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னவள் ஒருத்திதான். அவளுக்கு நான் நோகாதவள் என்று பேர் வைத்தேன். சுஹறாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஆத்திரமும் வந்தது, அவளுக்கு ஒன்று வந்தால் மற்றதும் வரும்.

கூட்டம் கலைந்த பிறகு நபீலா வந்தாள். கையில் சட்டி. சரக்குக்கறி மணம் கட்டில்வரை வந்தது. முகம் வெளிறியிருந்தது. ஆயிஷா உம்மா எழுந்து வெளியே போனாள்.

“என்ட பேரச் சொன்னீங்களாம்,” என்றாள் நபீலா. சட்டியை அவள் இன்னும் வைக்கவில்லை.

“ஓம்.”

“பகல் முழுக்கவாம். வேற ஒரு பேரும் சொல்லல்லயாம். ஊரெல்லாம் கதை.”

“ஓம்.”

“நோவுக்குள்ள.”

“நோவுக்குள்ளதான்.”

“என்ன கேட்டீங்க?”

நபீலாவின் ஒரு கை சட்டியை விட்டு முந்தானைக்குள் போய், மேடிட்டிருந்த வயிற்றில் நின்றது. கடப்படியில் நின்று வாய்வீச்சு வீசினவள் இப்போது வயிற்றைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். தலைப்பிள்ளை நோவில் ஒருத்தி தன் பேரைச் சொல்லிப் பகல் முழுக்கக் கேட்டிருக்கிறாள். கேட்டவள் தன்மேல் பகை உள்ளவள். தன் வயிற்றில் ஒரு பிள்ளை. பயப்படாமல் என்ன செய்வாள்? சுஹறாவுக்கு அது இனித்தது. ஒரு வருடத்துச் சூட்டுக்கு நல்ல குளிர். சொன்னால் பலிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் போதும், இவள் பெறும்வரைக்கும் நித்திரை கொள்ளமாட்டாள்.

அடுத்தவளின் வாயில் வந்த ஒரு சொல்லை நம்பி மாதக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி என்று சுஹறாவுக்குத் தெரியாதா?

“ஊசி கேட்டன்டி,” என்றாள்.

“என்ன?”

“உன்ட ஊசி. எப்பிடி ஊசி. நபீலாக்குப் போட்ட ஊசியக் கொண்டாங்க எண்டு கத்தினன். வேற ஒண்டும் கேக்கல்ல.”

நபீலாவுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்குள் பார்த்தாள். “மத்தவங்கட பேரெல்லாம்?”

“ஒண்டும் வரல்ல. செத்துத் துலையட்டும் எண்டுதான் வந்தது.”

“ஊசி தந்தாங்களா?”

“இஞ்ச எங்க இரிக்கு?”

நபீலா சட்டியை அலுமாரி மேல் டக்கென்று வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நல்லா வேணும் உங்களுக்கு,” என்றாள்.

“ஓம்கா. நல்லா வேணும்,” என்றாள் சுஹறா. சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. “அவங்க எல்லாருக்கும் கேட்டன் கேட்டன் எண்டு சொல்லிட்டன், நபீலா. முழங்காலுக்கும் இருமலுக்கும். என்ன செய்யிற?”

“இப்ப நோகுதா?”

“தையல் கடுக்குது. அந்த நோவு இல்ல.”

“அப்ப இப்ப கேளுங்க.” நபீலா வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே சொன்னாள். “முதல்ல என்ட பேரச் சொல்லுங்க.”

“உன்ட பேரா? ஒரு வருசம் கடப்படியில நிண்டு என்னைக் குத்தினவள் நீ. உன்னக் கடைசியாத்தான் சொல்லுவன்,” என்றாள் சுஹறா.

கைகளை ஏந்தினாள். சல்மா மாமி என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தாள். நேற்றுப் பகல் முழுவதும் பழகின வாய். நபீலா என்றுதான் வந்தது.